படபடப்புக்கு "நல்லா மூச்சை இழு" என்று சொல்லாதீங்க

யாருக்காவது படபடப்பு வந்தால் பக்கத்தில் இருப்பவர் முதலில் சொல்வது இதைத்தான். பலருக்கு அங்கேதான் கோளாறே தொடங்குகிறது. ஏற்கெனவே மேல்மூச்சு வாங்கும் ஆள் இன்னும் பெரிதாக இழுத்தால் ரத்தத்தில் கார்பன் டை ஆக்சைடு இறங்கிவிடும். மூளையின் ரத்தக்குழாய்கள் சுருங்கும். தலை கிறுகிறுக்கும், விரல் நுனியும் உதட்டோரமும் மதமதக்கும். அதைப் பார்த்து "ஹார்ட் அட்டாக்கோ" என்று பயந்து இன்னும் வேகமாக இழுப்பார்கள்.

நீட்ட வேண்டியது வெளியே விடும் மூச்சை. மூக்கால் 4 எண்ணும் வரை இழுங்கள், வயிறு லேசாக எழும்பினால் போதும். உதட்டைக் குவித்து, சூடான டீயை ஊதுகிற மாதிரி, 6 எண்ணும் வரை விடுங்கள். நிமிஷத்துக்கு 6 மூச்சு கணக்கு. 5 நிமிஷம் செய்யலாம். மூச்சு வெளியேறும்போது, மூளையிலிருந்து இதயத்துக்குப் போகும் வேகஸ் நரம்பு இதயத்துடிப்பைக் குறைக்கும். மணிக்கட்டில் நாடி பிடித்துக்கொண்டு செய்தால் பலருக்கு அது விரலிலேயே தெரியும். 6 வரை திணறினால் 3-க்கு 4 போதும். எண்ணிக்கையோடு மல்லுக்கட்டினால் தோள்பட்டை ஏறிக்கொள்ளும், பலன் போச்சு.

—

மூச்சைக் கவனித்தாலே பதற்றம் கூடுகிறவர்களும் உண்டு. அவர்கள் தசையிலிருந்து தொடங்கலாம். அமெரிக்க மருத்துவர் எட்மண்ட் ஜேக்கப்சன் 1920-களில் எழுதிய முறையின் சுருக்கம் இது: முஷ்டியை 5 விநாடி இறுக்கி, சட்டென்று விட்டு, 20 விநாடி சும்மா இருக்கணும். அப்புறம் தோள், தாடை, வயிறு, தொடை, கால். முக்கால் பலம் தாண்ட வேண்டாம். பாதத்தைக் கீழ்ப்பக்கம் நீட்டி இறுக்கினால் கெண்டைக்காலில் குரக்களி பிடிக்கும். கால்விரல்களை முகத்தைப் பார்க்க மடக்குங்கள். குடலிறக்கம் உள்ளவர்களும் அண்மையில் ஆபரேஷன் ஆனவர்களும் வயிற்றை இறுக்கவே வேண்டாம்.

அவசரக்காரர்கள் அந்த 20 விநாடியைத்தான் விழுங்கிவிடுவார்கள். இறுக்குவது வெறும் முன்னேற்பாடு, வேலை நடப்பது விட்ட பிறகு. தாடைக்கு ஒரு சோதனை: வாய் மூடியிருந்தாலும் மேல்பல்லும் கீழ்ப்பல்லும் தொடக்கூடாது. இப்போது தொட்டுக்கொண்டிருக்கிறதா, பாருங்கள்.

—

சினிமாவில் காட்டுகிற மாதிரி பேப்பர் கவருக்குள் மூச்சு விட்டு இழுக்கும் வைத்தியம் வேண்டவே வேண்டாம். ஆஸ்துமாவோ இதயக் கோளாறோ இருந்தால் ஆபத்து. நெஞ்சை அழுத்தும் வலி, இடது கைக்கோ தாடைக்கோ பரவுவது, குளிர்ந்த வியர்வை என்றால் மூச்சுப் பயிற்சியில் உட்காராமல் 108-ஐக் கூப்பிடுங்கள்.

அப்புறம் காபி. காஃபீன் பாதியாகக் குறையவே ஏறக்குறைய 5 மணி நேரம் பிடிக்கும். சாயங்காலம் 6 மணிக்குக் குடித்தது ராத்திரி 11-க்கும் பாதி பாக்கி. படுத்ததும் நெஞ்சு அடித்துக்கொள்கிறது என்பவர்கள் முதலில் அந்த டம்ளரை நிறுத்திப் பார்க்கலாம்.