டியூசன் நிலையத்து மடிக்கணினிகள்: விண்டோஸ் 10 போதுமா, லினக்ஸுக்குப் போகலாமா?

கித்தாக்காடு
மலேசியாவில் சுங்கை சிப்புட் தோட்டப் பிள்ளைகளுக்குக் கோயில் மண்டபத்தில் டியூசன் நடத்துகிறோம். அங்கே இருக்கும் மடிக்கணினிகள் ஈப்போவில் ஓர் அலுவலகம் கழித்துக் கொடுத்தவை. இன்டெல் ஆறாம் தலைமுறை, 4 ஜிபி ரேம். விண்டோஸ் 11 பொதுவாக எட்டாம் தலைமுறைக்குக் கீழே ஏற்காது. விண்டோஸ் 10-க்கோ 2025 அக்டோபர் 14-ஓடு ஆதரவு முடிந்துவிட்டது. எல்லாவற்றிலும் லினக்ஸ் மின்ட் என்ற இலவச இயங்குதளத்தைப் போட்டுவிடலாம் என்பது என் கட்சி. கமிட்டி இன்னும் தயங்குகிறது. உங்கள் கருத்து வேண்டும்.

ஜாலான் பெசார் கடை
வேண்டாம் தம்பி. டவுனில் போட்டோஸ்டாட் கடை வச்சிருக்கேன், தினமும் பார்க்கிறதைச் சொல்றேன். ஆதரவு முடிஞ்சா மெஷின் நின்னு போகாது. மைக்ரோசாஃப்ட்டோட கூடுதல் பாதுகாப்புத் திட்டத்துல பதிஞ்சா 2026 அக்டோபர் 13 வரைக்கும் திருத்தம் வரும். செட்டிங்ஸை ஒன்டிரைவில் பேக்கப் பண்ணா இலவசம், இல்லன்னா 30 அமெரிக்க டாலர். ஒரே கணக்குல 10 மெஷின் வரை போடலாம். நாளைக்கு நம்ம பிள்ளைங்க தோட்ட ஆபீஸ்ல உட்கார்ந்தா வேர்டும் எக்செலும்தான் கேட்பாங்க. அதைப் பழகாம அனுப்பினா நஷ்டம் யாருக்கு?

கித்தாக்காடு
அண்ணே, அந்தத் தேதிக்கு அப்புறம்? 2017 மே மாதம் வன்னாக்ரை என்ற, கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்கும் வைரஸ் உலகம் முழுக்கப் பரவியதே, அதற்கான திருத்தத்தை மைக்ரோசாஃப்ட் மார்ச்சிலேயே கொடுத்துவிட்டது. போடாத மெஷின்கள்தான் மாட்டின. நம்முடையதில் திருத்தமே வராது. அரசாங்கத்தின் எஸ்டிஆர் உதவித்தொகைக்கு மனுப் போட அம்மாமார்கள் மண்டபத்துக்குத்தான் வருகிறார்கள். அடையாளக் கார்டு நம்பர், பேங்க் கணக்கு நம்பர் எல்லாம் இந்த மெஷின்களில்தான் தட்டுகிறார்கள். அந்தப் பயம் எனக்கு நிஜமாகவே இருக்கிறது.

தமிழ்ப்பள்ளி டீச்சர்
பாதுகாப்பு பற்றிச் சொன்னதை ஏற்கிறேன். கல்வி அமைச்சின் இணையக் கற்றல் தளமான டெலிமாவும் உலாவியில் திறக்கிறது, அதற்கு எந்த சிஸ்டமும் போதும். எனக்குச் சிக்கல் தமிழில்தான். நான் வேர்டில் லதா எழுத்துருவில் செய்த ஐந்தாம் ஆண்டுக் கேள்வித்தாளை, லினக்ஸில் வேர்டுக்குப் பதிலாக இருக்கும் லிப்ரே ஆபீஸில் திறந்து பார்த்தேன். படம் ஒரு பக்கத்தில் நிற்கிறது, அதற்கான கேள்வி அடுத்த பக்கத்துக்குப் போய்விட்டது. கோடிட்ட இடம் வரியின் பாதியில் உடைந்து கிடக்கிறது. பிள்ளை எதைப் பார்த்து எழுதும்? இன்னொன்று, பிள்ளைகளுக்கு ஆங்கில எழுத்தில் ஒலிப்படி தட்டும் முரசு அஞ்சல் விசைமுறைதான் பழக்கம். நம் நாட்டு முத்து நெடுமாறன் செய்தது, கை அதிலேயே ஊறிவிட்டது.

கித்தாக்காடு
டீச்சர், லதா மைக்ரோசாஃப்ட்டின் விண்டோஸ் எழுத்துரு. லினக்ஸில் அது இல்லாததால் வேறொன்றை எடுத்துக்கொள்கிறது, அகலம் மாறுவதால் வரியும் நகர்கிறது. நோட்டோ தமிழ் எழுத்துருவை உங்கள் மெஷினிலும் போட்டு அதிலேயே தாள் தயாரித்தால் பெரும்பாலும் சரியாகிவிடும். அச்சுக்கு மட்டும் என்றால் பிடிஎஃப் ஆக்கிவிடுங்கள். தட்டச்சுக்கு தமிழ்99 விசைப்பலகை அப்படியே இருக்கிறது. அஞ்சல் போல ஆங்கில ஒலிப்படி தட்டும் முறையும் இருக்கிறது, சில விசைகள் மாறும்.

ஜாலான் பெசார் கடை
இதெல்லாம் உனக்குத் தெரியும். நீ ஜொகூருக்கு வேலை மாறிப் போயிட்டா யார் பார்ப்பா? விண்டோஸ் கெட்டா டவுன்ல எந்தக் கடைக்கும் தூக்கிட்டுப் போகலாம். என் கடையிலயே லினக்ஸ் தெரிஞ்ச பையன் கிடையாது. நான் நிலையத்துக்குக் கொடுத்த பழைய லேசர் பிரிண்டருக்கு லினக்ஸ் டிரைவரும் கிடையாது, தேடிப் பார்த்துட்டேன்.

முன்னாள் கிராணி
கடைக்காரர் கேட்டதுதான் சரியான கேள்வி. செக்ரோல் என்ற வருகை, சம்பளப் பதிவேட்டைக் கையால் எழுதிய காலத்தில் எங்கள் ஆபீஸில் யார் வராவிட்டாலும் வேலை ஓடும். கம்ப்யூட்டர் வந்தபோது ஒரே ஒரு கிராணிக்கு, அதாவது தோட்ட ஆபீஸ் எழுத்தருக்கு, பழக்கினார்கள். அவர் மாற்றலாகிப் போன மாதம் சம்பள நாள் தள்ளிப்போனது. பால் மரம் வெட்டிவிட்டு வந்த ஜனம் சட்டையைக்கூட மாற்றாமல் ஆபீஸ் வாசலில் நின்றது. எந்த சிஸ்டம் போட்டாலும் போடுங்கள். போடத் தெரிந்தவர் மூன்று நான்கு பேராவது தோட்டத்திலேயே இருக்க வேண்டும்.

கித்தாக்காடு
ஐயா சொல்வதைத்தான் நானும் நினைத்திருந்தேன். இடைநிலைப்பள்ளியில் படிவம் நான்கு படிக்கும் பிள்ளைகளை வைத்தே போடுவோம். மின்ட்டை யூஎஸ்பியிலிருந்தே ஓட்டிப் பார்க்கலாம், ஹார்ட் டிஸ்கைத் தொடாது. சரிவராவிட்டால் யூஎஸ்பியைக் கழற்றிவிட்டு விண்டோஸிலேயே தொடரலாம். அண்ணே, தன் கையால் ஒரு சிஸ்டத்தைப் போட்டுப் பார்த்த பிள்ளை எக்செலுக்குப் பயப்படாது.

ஜாலான் பெசார் கடை
பயம் வேற, பழக்கம் வேற. வேலைக்கு எடுக்கிறவன் பழக்கத்தைத்தான் கேட்பான். ரெண்டு மெஷினை விண்டோஸ்லயே விடு, பிரிண்டரும் அதுலயே இருக்கட்டும். மத்ததுல என்ன வேணா பண்ணு.

தமிழ்ப்பள்ளி டீச்சர்
அந்த இரண்டில் எஸ்டிஆர் மனு, பேங்க் வேலை எதுவும் கூடாது என்று எழுதி ஒட்டுவதென்றால் எனக்குச் சம்மதம். தம்பி, சனிக்கிழமை அதே கேள்வித்தாளை நோட்டோவில் மாற்றிக் கொண்டு வருகிறேன். என் முன்னால் திறந்து காட்டுங்கள். படமும் கேள்வியும் ஒரே பக்கத்தில் நின்றால் கமிட்டியில் நானே பேசுகிறேன்.