மறு: ‘ரெக்ளமேஷன் பாண்ட்’ – தமிழில் எப்படிச் சொல்லலாம்?

> ‘சீரமைப்பு வைப்புத்தொகை’ யாருக்கும் புரியுமே, அதையே வைத்துக்கொள்ளலாமே?

வணக்கம்.

புரியும்தான். தோண்டிய நிலத்தைப் பிறகு சீராக்கித் தருவதற்குச் சுரங்க நிறுவனம் அரசிடம் முன்கூட்டியே கொடுக்கும் உத்தரவாதம்தான் ரெக்ளமேஷன் பாண்ட். ஆனால் ‘வைப்புத்தொகை’ என்றதும் பணத்தை எங்கோ கட்டியாயிற்று என்று நினைத்துவிடுவோம். அமெரிக்க மாநிலங்களில் பல நேரம் அப்படிக் கட்டுவதில்லை.

நிலக்கரிச் சுரங்கத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 1977ஆம் ஆண்டின் கூட்டாட்சிச் சட்டப்படி, தன் விதிகளுக்கு மத்திய அரசின் ஒப்புதல் பெற்ற மாநிலமே உரிமம் வழங்கும். விண்ணப்பம் முழுமையாக இருக்கிறதா என்று முதலில் பார்ப்பார்கள். அப்புறம் நிலத்தடி நீர், மேல்மண், தோண்டிய நிலத்தைச் சீராக்கும் திட்டம் என்று நுணுக்கமான பரிசீலனை. எல்லாம் தேறினாலும் பாண்ட் வந்து சேராமல் உரிமம் கைக்கு வராது. நிறுவனம் பாதியில் கைவிட்டால் அரசே வேலையை முடிக்க என்ன செலவாகும் என்பதே அதன் அளவு. அதை ரொக்கமாகக் கட்டலாம், வேறொரு நிறுவனம் ஜாமீன் நிற்கலாம். மாநிலம் சம்மதித்தால், நிதிநிலை வலுவான நிறுவனம் தனக்குத் தானே ஜாமீன் சொல்லிக்கொள்ளலாம்! இந்தக் கடைசி வகையில் ‘தொகை’ எங்கே இருக்கிறது? 2015-16இல் பெரிய நிலக்கரி நிறுவனங்கள் அடுத்தடுத்துத் திவால் மனு போட்டபோது வயோமிங் மாநிலம் திண்டாடியது இதனால்தான்.

என் பரிந்துரை ‘சீரமைப்புப் பிணை’.

> பிணை நீதிமன்றச் சொல் ஆயிற்றே?

ஆமாம், அதனால்தான் பொருந்துகிறது. ஒருவர் பொறுப்பேற்கிறார், தவறினால் பறிமுதல், கடமை முடிந்தால் விடுவிப்பு. தற்பிணை (தனக்குத் தானே ஜாமீன்), பிணைப் பறிமுதல், பிணை விடுவிப்பு என்று கிளைச்சொற்களும் தாமாக வருகின்றன. பிணையைக் கட்டம் கட்டமாகத்தான் விடுவிப்பார்கள் என்பதால் விடுவிப்புக்கு முன்னால் ‘படிநிலை’ சேர்த்தாலும் நல்லது. குழியை நிரப்பிச் சமன்செய்து வடிகாலும் அமைத்தால் பிணையில் 60 விழுக்காடு, பயிர்பச்சை பிடித்தபின் இன்னும் கொஞ்சம். மீதிக்குக் குறைந்தது 5 ஆண்டு காத்திருக்க வேண்டும். ஆண்டு மழை 26 அங்குலத்தைத் தாண்டாத இடங்களில் 10 ஆண்டு.

> எண்ணெய்க் கிணற்றுக்கும் இதுவே போதுமா?

போதாது. அங்கே முதல் கடமை கிணற்றைச் சிமென்ட் இட்டு அடைப்பது. அதற்கு ‘அடைப்புப் பிணை’ என்று தனியாக வைக்கலாம். பல கிணறுகளுக்கு ஒரே பிணை கொடுக்கும் வழக்கமும் உண்டு. டெக்சாஸில் இதைக் கவனிப்பது ரயில்ரோடு கமிஷன் (ரயிலுக்கும் அதற்கும் இப்போது ஒட்டுறவு கிடையாது). தனிக் கிணறு என்றால் ஆழத்தில் அடிக்கு 2 டாலர் என்பது அதன் நெடுநாள் கணக்கு. கிணறுகள் 100ஐ எட்டிவிட்டால், அப்புறம் எத்தனை இருந்தாலும் மொத்தமாக 2,50,000 டாலர். ஆங்கிலத்தில் இது ‘பிளாங்கெட் பாண்ட்’. அதை அப்படியே ‘போர்வைப் பிணை’ என்று ஒருவர் எழுதியிருந்தார், சிரிப்புத்தான் வருகிறது. ‘தொகுப்புப் பிணை’ போதும்.

உரிமையாளர் காணாமல்போன கிணறுகளுக்கு ‘அநாதைக் கிணறு’ எனக்கு உவப்பில்லை. ‘கேட்பாரற்ற கிணறு’ என் தேர்வு. மறுப்பு இருந்தால் தனி இழை தொடங்குங்கள், இங்கே பிணையை முடிப்போம்.