பேட்டில்ஃபீல்ட் 1: விளையாடியவர்களின் அனுபவங்கள், நிறையும் குறையும்

முத்தியால்பேட்டை, புதுச்சேரி

2016 அக்டோபரில் வெளிவந்த இந்த வீடியோ விளையாட்டை, விலை நன்றாக இறங்கிய பிறகே வாங்கினேன். முதல் உலகப் போரைக் களமாகக் கொண்டது என்பதற்கு மேல் அப்போது எனக்கு ஒன்றும் தெரியாது. தொடக்கப் பகுதியில், அமெரிக்காவின் 369-ஆவது காலாட்படைப் பிரிவின் கறுப்பின வீரர்களில் ஒருவராக நாம் களத்தில் நிற்கிறோம். எவ்வளவு திறமையாகச் சுட்டாலும் எதிரிகள் வந்துகொண்டே இருக்கிறார்கள். நாம் வீழ்ந்ததும் ஒரு பெயரும், அதன் கீழே பிறந்த ஆண்டும் இறந்த ஆண்டும் திரையில் தோன்றுகின்றன; பிறகு அதே போர்க்களத்தில் வேறொரு வீரராக எழுகிறோம். சரியாக விளையாடாததால்தான் இறந்தேன் என்று எண்ணி, முதல் நாள் இரண்டு முறை ஆரம்பத்திலிருந்து தொடங்கினேன். சாவதுதான் அந்தப் பகுதியின் அமைப்பே என்பது மூன்றாவது முறையில்தான் புரிந்தது.

துப்பாக்கிச் சண்டை விளையாட்டுகளைப் பள்ளி நாட்களிலிருந்து விளையாடிவரும் எனக்கு, செத்தவனுக்குப் பெயர் கொடுத்த விளையாட்டு இதுதான் முதல். நம் கடற்கரைச் சாலையில், 1914 முதல் 1918 வரை நடந்த போரில் மாண்ட பிரெஞ்சிந்திய வீரர்களுக்கான நினைவுச் சின்னம் இருப்பதை நாம் அனைவரும் அறிவோம். ஒவ்வோர் ஆண்டும் ஜூலை 14 அன்று அது விளக்கொளியில் நிற்பதைச் சிறுவயதிலிருந்தே பார்த்திருக்கிறேன். ஆனால் அங்கே பொறித்திருப்பதை நின்று படித்ததில்லை. இதை விளையாடிய வாரத்தில்தான் போய்ப் படித்தேன்.

ஆகவேதான் இதன் பெரிய குறை எனக்கு மற்றவர்களைவிட அதிகமாக உறுத்துகிறது. வெளிவந்த நாளில் இந்த விளையாட்டின் மல்டிபிளேயரில், அதாவது பலர் இணையம் வழியே சேர்ந்து ஆடும் பகுதியில், பிரெஞ்சுப் படையே இல்லை. பிரிட்டன், ஜெர்மனி, இத்தாலி, ஆஸ்திரியா-ஹங்கேரி, ஒட்டோமான், அமெரிக்கா ஆகிய படைகள் மட்டுமே இருந்தன. மேற்கு முனைப் போரின் பெரும்பகுதி பிரான்சு மண்ணில்தான் நடந்தது. தொடக்கப் பகுதியில் நம்மை உருக வைக்கும் அந்த 369-ஆவது பிரிவும், உண்மையில் பிரெஞ்சுத் தலைமையின் கீழ்ச் சேர்க்கப்பட்டுப் போரிட்ட பிரிவுதான். அப்படியிருக்க, பிரெஞ்சுப் படை 2017 மார்ச்சிலும் ரஷ்யப் படை அதே ஆண்டு செப்டம்பரிலும் தனி விலைக்கு விற்கப்பட்ட விரிவாக்கங்களாக வந்தன. இறந்தவர்களை அவ்வளவு மரியாதையோடு நினைவுகூரத் தெரிந்தவர்கள் இதை எப்படிச் செய்தார்கள் என்பது எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

கடலூர் முதுநகர்

நண்பர் சொன்ன தொடக்கப் பகுதியை நான் ஒரே ஒரு முறைதான் விளையாடினேன். என் நேரமெல்லாம் மல்டிபிளேயரில், அதிலும் ஆபரேஷன்ஸ் என்னும் முறையில்தான் போயிற்று. 64 பேர் வரை இரண்டு அணிகளாகப் பிரிந்து, ஓர் அணி தாக்க, மற்றொன்று பகுதி பகுதியாகப் பின்வாங்கித் தடுக்கும். தாக்கும் அணி ஒரு சுற்றுப் படையை இழந்து திணறினால், அடுத்த சுற்றில் வான்கப்பலோ கவச ரயிலோ அதற்குத் துணையாக வரும். தோற்கும் அணி மனம் தளர்ந்து பாதியில் வெளியேறிவிடும் சிக்கலுக்கு இது நல்ல தீர்வாக இருந்தது.

என்னைப் பொறுத்தவரை இதன் உயர்ந்த சிறப்பு ஒலி. நச்சுப்புகை வந்ததும் முகமூடியை அணிந்தால் நம் மூச்சே காதை அடைக்கும். அத்துடன் துப்பாக்கியின் குறிகாட்டியைக் கண்ணருகே கொண்டுவந்து பார்க்கவும் முடியாது. உயிரைக் காத்துக்கொள்ள வேண்டுமானால் குறி தவறுவதை ஏற்க வேண்டும் என்ற அந்த ஒரு விதி, போரின் நெருக்கடியைக் காட்சிகளைவிட நன்றாக உணர்த்துகிறது.

குறை என்றால் ஆயுதங்களைச் சொல்வேன். அந்தப் போரின் சாதாரண வீரன் கையில் இருந்தது ஒவ்வொரு குண்டுக்கும் போல்ட்டை இழுத்துத் தள்ள வேண்டிய ரைஃபிள். இங்கோ, அணியில் பாதிப் பேர் தானியங்கித் துப்பாக்கிகளோடு ஓடுகிறார்கள். பலரும் விரும்பி எடுக்கும் ஹெல்ரீகல், சோதனை நிலையைத் தாண்டாத ஓர் ஆயுதம். பிரெஞ்சு விரிவாக்கத்தில் வரும் ஷார் 2சி என்னும் ராட்சத டேங்க், போர் முடிந்து 1921-இல்தான் படையில் சேர்ந்தது. வேகம் வேண்டும் என்பதற்காக இவற்றைச் சேர்த்திருப்பார்கள் என்பது புரிகிறது. ஆயினும், ஒரு குண்டு தவறினால் அடுத்ததற்குள் நாம் இருக்கமாட்டோம் என்ற பதற்றத்தை நான் ரைஃபிள் எடுத்த நாட்களில் மட்டுமே அனுபவித்தேன். ஸ்கோப் என்னும் குறிபார்க்கும் தொலைநோக்கி இல்லாத ரைஃபிளோடு ஒரு மாதம் விளையாடிப் பாருங்கள் என்று இங்குள்ள புதியவர்களைக் கேட்டுக்கொள்கிறேன்.

மழைக்காலத்தில் எங்கள் தெருவில் இணையம் தள்ளாடும்போது பிங் (சர்வரிலிருந்து பதில் வர ஆகும் நேரம்) ஏறி, சுட்ட குண்டு எங்கே போனது என்றே தெரியாது. அதற்கு விளையாட்டைக் குறை சொல்ல மாட்டேன்.

லாஸ்பேட்டை, புதுச்சேரி

எங்களுடையது சொல்தா குடும்பம், அதாவது பிரெஞ்சுப் படையில் பணியாற்றியவர்களின் குடும்பம். என் தாத்தா இளவயதில் பிரெஞ்சுப் படையில் சேர்ந்து அல்ஜீரியாவில் பணியாற்றியவர். விடுமுறையில் நான் பிரான்சின் வெர்டன் ஊரில் நடந்த போரைக் காட்டும் மேப்பை (விளையாட்டுக் களத்தை) விளையாடிக்கொண்டிருந்தபோது, ஊரின் பெயரைக் கேட்டதும் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு என் அருகே அமர்ந்தார். 1916 பிப்ரவரியில் தொடங்கி டிசம்பர் வரை நீடித்து, இரு தரப்பிலுமாகச் சுமார் 3 லட்சம் உயிர்களைக் குடித்த போர் அது. காடு எரியும் வெளிச்சத்தில் மலைச்சரிவில் ஏறும் அந்த மேப்தான் இந்த விளையாட்டிலேயே மிக அழகாக, மிகக் கொடுமையாக உருவாக்கப்பட்டது என்பது என் எண்ணம்.

தாத்தா கால் மணி நேரம் பேசாமல் பார்த்தார். பிறகு, "ஏம்மா, இவங்க யாருமே உட்காரமாட்டாங்களா?" என்று கேட்டார். அவர் பணியாற்றிய காலத்தில் பெரும்பாலான நாட்கள் காத்திருப்பதிலும், காவல் நிற்பதிலும், ஈரமான பூட்ஸைக் காயவைப்பதிலும், வீட்டிலிருந்து கடிதம் வருமா என்று பார்ப்பதிலுமே கழிந்தனவாம். சண்டை வந்தால் சில நிமிடங்கள். அது முடிந்து கை நடுக்கம் நிற்கவே அதைவிட அதிக நேரம் ஆகுமாம்.

அதற்குப் பிறகு நானும் கவனித்தேன். இந்த விளையாட்டில் பதுங்குகுழிகளை எவ்வளவோ நுணுக்கமாக வடித்திருக்கிறார்கள். பலகைகள், மணல் மூட்டைகள், சேறு எல்லாம் இருக்கின்றன. ஆனால் அவற்றில் அரை நிமிடம் தங்குவதற்குக்கூட நமக்கு ஒரு காரணம் தரப்படவில்லை. ஆயுதங்களைப் பற்றிக் கடலூர் நண்பர் சொன்ன குறையைவிட இதையே நான் பெரிதாகக் கருதுகிறேன்.

தாத்தா இப்போதும் சில மாலைகளில் அந்த மேப்பைப் போடச் சொல்கிறார். வார இறுதியில் இரவு 9 மணிக்கு மேல் ஆசிய சர்வர்களில் வெர்டனுக்கு ஆட்கள் சேர்கிறார்களா என்று தெரிந்தவர்கள் இங்கே எழுதினால் உதவியாக இருக்கும்.