ரத்த ஓட்ட மாத்திரை போட்டுக்கொண்டு ஓடினால் நேரம் குறையுமா?

மலைப்பாதை77 கேட்டது:

நெடுந்தூர ஓட்டக்காரர்கள், சைக்கிள்காரர்கள் நடுவே ஒரு பேச்சு ஓடிக்கொண்டே இருக்கிறது. ஓட்டத்துக்கு ஒரு மணி நேரம் முன்னால், ஆண்களின் விறைப்புக் குறைவுக்குக் கொடுக்கும் சில்டெனாஃபில் 50 மி.கி. போட்டால் மூச்சு இறைக்காதாம். அதே வகை மருந்தான டடாலாஃபில் 5 மி.கி. தினமும் எடுத்தால் தசைக்கு ரத்தம் கூடுதலாகப் போகுமாம். கேள்விகள் மூன்று. சமவெளியில் ஓடுகிறவருக்கு உண்மையில் நேரம் குறையுமா? 3,500 முதல் 4,000 மீட்டர் உயரத்தில் நடக்கும் போட்டி என்றால்? ஊக்கமருந்துத் தடைப் பட்டியலில் இருக்கிறதா? இதோடு பீட்ரூட் சாறும் குடிக்கிறார்கள், அதைப் பற்றியும் சொல்லுங்கள்.

உடலியங்கியல் சொன்னது:

சமவெளியில் குறையாது. மருந்து எங்கே வேலை செய்கிறது என்று பார்த்தால் காரணம் விளங்கும்.

ரத்தக்குழாயின் உள்படலம் நைட்ரிக் ஆக்சைடைச் சுரக்கிறது. அது குழாய்ச் சுவரிலுள்ள மென்தசையில் சி.ஜி.எம்.பி. என்ற பொருளைக் கூட்டும். தசை தளரும், குழாய் விரியும். அந்த சி.ஜி.எம்.பி.யைச் சிதைக்கிற நொதிதான் பி.டி.ஈ.5. சில்டெனாஃபிலும் டடாலாஃபிலும் இந்த நொதியைக் கட்டிப்போடுகின்றன. அது மிகுதியாக இருக்கும் இடத்தில்தான் விளைவும் மிகுதி: ஆணுறுப்பு, அடுத்து நுரையீரல் ரத்தக்குழாய்கள். அதனால்தான் நுரையீரல் ரத்த அழுத்த நோய்க்கும் இவற்றைக் கொடுக்கிறார்கள்.

ஓடுகிற காலுக்கு இந்த உதவி தேவையே இல்லை. வேலை செய்யும் தசை தன் குழாய்களைத் தானே திறந்துகொள்ளும். ஓய்வில் உடம்பின் எல்லாத் தசைகளுக்கும் சேர்த்து நிமிடத்துக்கு ஏறக்குறைய ஒரு லிட்டர் ரத்தம் போகும். கடும் ஓட்டத்தில் 20 லிட்டர் அளவுக்கு ஏறும். மதகு முழுக்கத் திறந்த பிறகு இன்னொருவர் வந்து கைப்பிடியைத் திருகி என்ன ஆகப்போகிறது? அந்த நிலையில் எல்லை வகுப்பது இதயம் எவ்வளவு இறைக்கிறது என்பதுதான்.

உயரத்தில் கணக்கு மாறுகிறது. ஆக்சிஜன் குறைந்தால் நுரையீரல் ரத்தக்குழாய்கள் சுருங்கும். இதயத்தின் வலது பக்கம் அந்தச் சுருக்கத்தை எதிர்த்துத் தள்ள வேண்டும், மொத்த ரத்த ஓட்டமும் குறையும். மாத்திரை சுருக்கத்தைத் தளர்த்துகிறது. 2004இல் வெளியான ஆய்வில் எவரெஸ்ட் அடிவார முகாமில், 5,245 மீட்டரில், 14 மலையேறிகளுக்கு 50 மி.கி. சில்டெனாஃபில் கொடுத்தபோது அவர்களால் தாக்குப்பிடிக்க முடிந்த உச்ச வேலையளவு கூடியது. 2006இல் பயிற்சி பெற்ற 10 சைக்கிள் வீரர்களை 3,874 மீட்டருக்குச் சமமான காற்றில் 6 கி.மீ. ஓட்டிப் பார்த்தார்கள். சராசரியாக 15 சதவீத முன்னேற்றம். குழுக்களில் சுற்றுவது இந்த எண்தான். பிரித்துப் பாருங்கள்: நால்வருக்கு 39 சதவீதம், மீதி ஆறு பேருக்கு ஒரு சதவீதம். அதே வீரர்களுக்குக் கடல்மட்டக் காற்றில் எந்தப் பயனும் இல்லை. 2011இல் ஏறத்தாழ அதே உயரத்துக்கு, பெண்களையும் சேர்த்து, திரும்பச் செய்த சோதனையில் சொல்லும்படியான முன்னேற்றம் வரவில்லை.

யாருடைய நுரையீரல் குழாய்கள் உயரத்தில் கடுமையாகச் சுருங்குகின்றனவோ அவருக்குத்தான் பயன் தெரிகிறது என்பது என் கணிப்பு. வெளியிலிருந்து பார்த்து அவர் யாரென்று சொல்ல முடியாது.

மருந்தாளுநர்_கா சொன்னது:

மேலே சொன்னது சரி. நான் அளவையும் ஆபத்தையும் சொல்கிறேன்.

சில்டெனாஃபில் வெறும் வயிற்றில் 30 முதல் 120 நிமிடத்தில் ரத்தத்தில் உச்சம் தொடும். கொழுப்பு மிகுந்த சாப்பாட்டுக்குப் பின் போட்டால் ஒரு மணி நேரம் தள்ளிப்போகும், உச்ச அளவும் ஏறக்குறைய 29 சதவீதம் குறையும். 'ஒரு மணி நேரம் முன்னால்' என்ற கணக்கு இங்கேயே தவறுகிறது. நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை பாதியாகும். டடாலாஃபிலுக்கு அந்தப் பாதி நேரமே 17.5 மணி, தினமும் எடுத்தால் ஐந்து நாளில் ஒரு நிலைக்கு வந்து உடம்பில் தங்கிவிடும். முதுகுவலி, தொடை வலி அதன் தெரிந்த பக்கவிளைவுகள். பயிற்சி வலி என்று நினைத்துக்கொண்டு ஓடுவார்கள்.

100 மி.கி. சில்டெனாஃபில் ரத்த அழுத்தத்தைச் சராசரியாக 8.4/5.5 மி.மீ. பாதரசம் அளவுக்கு இறக்கும். உட்கார்ந்திருப்பவருக்கு இது பெரிதில்லை. வெயிலில், வியர்த்து நீர் வற்றிய உடம்புக்குப் பெரிது. முடிவுக்கோட்டைத் தாண்டி சட்டென்று நிற்கும் நொடிதான் மோசம்: கெண்டைக்கால் தசை பிழிவது நின்றதும் ரத்தம் காலிலேயே தேங்கும், விரிந்த குழாய்கள் சுருங்கி ஈடுகொடுக்காது, ஆள் சாய்ந்துவிடுவார். நின்றுவிடாமல் பத்து நிமிடம் நடக்க வேண்டும். கண் இருட்டினால் அங்கேயே படுத்துக் காலை உயர்த்த வேண்டும்.

மாத்திரையால் தலைவலி வரும். அதற்கு ஐபுப்ரோஃபென் போடுவார்கள். நீர் வற்றிய சிறுநீரகத்துக்கு அது அடுத்த அடி. உயரத்தில் இன்னும் குழப்பம், ஏனென்றால் மலைநோயின் முதல் அறிகுறியே தலைவலி. வலி மாத்திரையாலா மலையாலா என்று பிரிக்க முடியாது.

இவற்றோடு சேரவே கூடாதவை: நெஞ்சுவலிக்கு நாக்கின் அடியில் வைக்கும் நைட்ரோகிளிசரின், ஐசோசார்பைடு போன்ற நைட்ரேட்டுகள், நுரையீரல் ரத்த அழுத்த நோய்க்கான ரியோசிகுவாட். சேர்ந்தால் அழுத்தம் அதலபாதாளத்துக்குப் போகும். பாக்டீரியாவுக்கு எதிரான எரித்ரோமைசின், கிளாரித்ரோமைசின், பூஞ்சைக்கு எதிரான கீட்டோகோனசோல், கிரேப்ஃப்ரூட் சாறு ஆகியவை சில்டெனாஃபிலை உடம்பில் கூடுதலாகத் தங்கவைக்கும். புராஸ்டேட்டுக்கு டாம்சுலோசின் எடுப்பவர் மருத்துவரிடம் பேசாமல் தொடவே வேண்டாம். திடீரென்று பார்வை மங்கினாலோ காது கேட்பது குறைந்தாலோ, விறைப்பு நான்கு மணி நேரத்தைத் தாண்டினாலோ நேரே அவசர சிகிச்சைக்குப் போக வேண்டும்.

பீட்ரூட்: அதிலுள்ள நைட்ரேட்டை வாயிலிருக்கும் பாக்டீரியா நைட்ரைட்டாக மாற்றுகிறது, அதிலிருந்து நைட்ரிக் ஆக்சைடு. 400 முதல் 500 மி.கி. நைட்ரேட் தரும் சாற்றை இரண்டு, மூன்று மணி நேரம் முன்னால் குடிக்க வேண்டும். கிருமிநாசினித் திரவத்தால் வாய் கொப்பளித்தால் அவ்வளவும் வீண். நன்றாகப் பயிற்சி பெற்றவருக்குப் பயன் குறைவு. மேலே சொன்ன நைட்ரேட் மருந்துகளும் இதுவும் ஒன்றல்ல. ஆனாலும் இரண்டும் அழுத்தத்தை இறக்கும் ஒரே பாதையில் போகின்றன, மாத்திரையோடு அடுக்காதீர்கள்.

சட்டப்புத்தகம் சொன்னது:

தடைப் பட்டியல் பற்றி. உலக ஊக்கமருந்துத் தடுப்பு முகமையின் பட்டியலில் பி.டி.ஈ.5 தடுப்பான்கள் இல்லை. ஆண்டுதோறும் ஜனவரி 1 முதல் புதிய பட்டியல் நடைமுறைக்கு வரும், போட்டிக்கு முன் பாருங்கள்.

சிக்கல் வேறு இடத்தில். 'ரத்த ஓட்டத்துக்கு மாத்திரை' என்று சொல்லிக் கைமாறுவது எல்லாம் இவை இல்லை. நெஞ்சுவலிக்கான டிரைமெட்டாசிடின் 2014லிருந்தும், மெல்டோனியம் 2016 ஜனவரி 1லிருந்தும் பட்டியலில் உள்ளன. இன்று இரண்டும் போட்டிக்கு வெளியிலும் தடை. அட்டையிலுள்ள மூலப்பொருள் பெயரைப் படியுங்கள், வணிகப் பெயரை நம்ப வேண்டாம்.

இன்னொன்று, 'இயற்கை வீரியம்', 'பம்ப்' என்று விற்கும் துணைப்பொருட்களில் சொல்லாமலே சில்டெனாஃபில் கலந்திருந்தது பலமுறை பிடிபட்டிருக்கிறது. சிலவற்றில் அதன் மூலக்கூறைச் சற்று மாற்றிய, எந்த நாட்டிலும் மருந்தாக அனுமதி பெறாத வடிவங்கள். அனுமதியே பெறாத மருந்துப்பொருளுக்குப் பட்டியலில் எஸ்0 என்று தனிப் பிரிவு உண்டு. சில்டெனாஃபில் தடையில்லை, அதன் கள்ள உறவு தடைக்குள் வரலாம். தெரியாமல் விழுங்கினேன் என்றாலும் மாதிரியில் இருந்தால் பொறுப்பு வீரருடையது.

மலைப்பாதை77 கேட்டது:

நன்றி, சமவெளிக் கேள்வி தீர்ந்தது. முன்பு உயரத்தில் நுரையீரலில் நீர் கோத்தவர் என்றால் டடாலாஃபில் கொடுப்பதுண்டு என்கிறார்களே?

முகாம்_மருத்துவம் சொன்னது:

உண்டு, அது சிகிச்சைக் காரணம். முன்பு ஒருமுறை நீர் கோத்தவருக்கு அது மறுபடி வராமல் தடுக்க மருத்துவர் முதலில் நினைப்பது ரத்த அழுத்த மருந்தான, மெதுவாக வெளியாகும் நிஃபெடிபின் 30 மி.கி., 12 மணிக்கு ஒருமுறை. அது ஒத்துக்கொள்ளாதபோது டடாலாஃபில் 10 மி.கி., அதுவும் 12 மணிக்கு ஒருமுறை. இரண்டையும் சேர்ப்பதில்லை. எந்த மருந்தானாலும் 3,000 மீட்டருக்கு மேல் தூங்கும் உயரத்தை ஒரு நாளில் 500 மீட்டருக்கு மேல் கூட்டக் கூடாது, மூன்று நான்கு நாளுக்கு ஒருமுறை ஏறாமல் தங்க வேண்டும். சும்மா உட்கார்ந்திருக்கும்போதே மூச்சுத் திணறல், வறட்டு இருமல், பிறகு நுரைச்சளி என்று வந்தால் ஆக்சிஜன் கொடுத்து உடனே கீழே இறக்க வேண்டும். மாத்திரை போட்டுவிட்டு மேலே காத்திருக்கக் கூடாது.

மருத்துவர் எழுதிக் கொடுத்து எடுப்பவர், மருந்தின் பெயரையும் கடைசியாக விழுங்கிய நேரத்தையும் பந்தய எண் தாளின் பின்புறம் எழுதிவிடுங்கள். நெஞ்சு வலிக்கிறது என்று கூடாரத்துக்குள் வருபவருக்கு எங்கள் கை முதலில் தேடுவது நைட்ரோகிளிசரினைத்தான். சில்டெனாஃபில் போட்டிருந்தால் 24 மணி நேரம், டடாலாஃபில் என்றால் 48 மணி நேரம் அதைக் கொடுக்க முடியாது. எழுதியிருந்தால் வேறு வழி பார்ப்போம்.