புதுப்பிப்பு: ஒகேனக்கல்லை மேலிருந்து பார்க்க வழி கேட்டிருந்தேனே
முழங்கால் வலி உள்ள அம்மாவோடு ஒகேனக்கல் போகிறோம், பரிசல் ஏறாமல் ஆற்றை மேலிருந்து பார்க்க முடியுமா என்று கேட்டிருந்தேன். போய் வந்துவிட்டோம். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி.

காட்சி கோபுரத்தில் நான் மட்டும்தான் ஏறினேன், அத்தனை படி அம்மாவுக்கு ஆகாது. ஆனால் மேலே நின்றால்தான் காவிரியின் போக்கு புரிகிறது. அகலமாகப் பரந்து வரும் ஆறு பாறைகளுக்குள் பல கிளைகளாக உடைந்து விழுகிறது. அப்புறம் செங்குத்தான பாறைச் சுவர்களுக்கு நடுவே ஒடுங்கி மேட்டூர்ப் பக்கம் திரும்புகிறது. எதிர்க்கரை கர்நாடகம். எவ்வளவு நேரம் பார்த்தாலும் அலுக்கவில்லை.

அம்மா தொங்கு பாலம் வரை மெதுவாக நடந்து வந்தார். அருவியை அங்கிருந்தே பார்த்துவிட்டார், முகமெல்லாம் மலர்ச்சி.

போகிறவர்கள் கிளம்பும் முன் பிலிகுண்டுலுவில் (கர்நாடக எல்லையில் காவிரி நீரை அளக்கும் இடம்) நீர்வரத்து எவ்வளவு என்று செய்தியில் பாருங்கள். கர்நாடகத்தின் கபினி, கிருஷ்ணராஜசாகர் அணைகளில் தண்ணீர் திறந்து வரத்து கூடினால் பரிசலுக்கும் குளியலுக்கும் தடை வந்துவிடும்.

இன்னொன்று, பென்னாகரம் தாண்டி மலைச்சாலையில் குரங்குகளுக்குத் தயவுசெய்து தீனி போடாதீர்கள். அதற்காகவே வண்டிகளுக்குக் குறுக்கே ஓடி வருகின்றன.