சாயங்காலம் ஆனால் மகனுக்குக் கண் தெரியவில்லை, பரம்பரை நோய் என்கிறார்கள்

அல்சூர்_தேவி:
பெங்களூர் அல்சூரில் இருக்கிறோம். மகனுக்கு ஏழு வயது. விளக்கு வைக்கிற நேரமானால் வாசலில் செருப்பைக் காலால் துழாவித்தான் எடுப்பான். கரண்ட் போனால் நின்ற இடத்தை விட்டு அசைய மாட்டான். அத்தை (மாமியாரும் அவர்தான், அத்தை மகனைத்தான் கட்டியிருக்கிறேன்) முருங்கைக்கீரை, ஆட்டு ஈரல் என்று கொடுத்துப் பார்த்தார். கண் டாக்டர் 'ரெட்டினைட்டிஸ் பிக்மென்டோசா' என்கிற பரம்பரை விழித்திரை நோய் என்கிறார். எங்கள் வகையறாவில் யாருக்கும் கிடையாது. 4,000 பேரில் ஒருவருக்குத்தான் வருமாமே, எங்களுக்கு எப்படி?

கண்ணாடிக்காரன்:
நான் ஆப்டோமெட்ரிஸ்ட் (பார்வையைப் பரிசோதிக்கிறவன்), மல்லேஸ்வரம். 4,000 என்பது பொதுவாகச் சொல்கிற உலகக் கணக்கு. நாக்பூர் பக்கத்துக் கிராமங்களில் பெரியவர்களைப் பரிசோதித்தபோது ஏறக்குறைய 750 பேரில் ஒருவருக்கு இருந்தது. சொந்தத்தில் கட்டுவது இதற்கு ஒரு பெரிய காரணம். உங்களுக்கும் வீட்டுக்காரருக்கும் ஒரே தாத்தா பாட்டி. அவர்களில் ஒருவரிடம் இருந்த பழுதான மரபணு உங்கள் இருவருக்கும் ஒவ்வொரு பிரதியாக வந்திருக்கலாம். ஒன்று மட்டும் இருந்தால் பார்வைக்கு ஒரு குறையும் வராது, அதனால்தான் வகையறாவில் யாருக்கும் தெரியவில்லை. இரண்டும் ஒரே பிள்ளையிடம் சேர்ந்தால் நோய். ஒவ்வொரு பிள்ளைக்கும் 25 சதவீத வாய்ப்பு. மூத்தவனுக்கு வந்துவிட்டது, அடுத்ததற்கு வராது என்று நினைக்க வேண்டாம். பையன் என்பதால் தாய் வழியாக மட்டும் வருகிற வகையாகவும் இருக்கலாம். மரபணுப் பரிசோதனை செய்தால்தான் பிடிபடும்.

அரைவெளிச்சம்:
தங்கச்சி, எனக்கும் இதே நோய்தான், வயது 46. பள்ளியில் போர்டு நன்றாகவே தெரியும், பக்கவாட்டில் வருகிற பந்துதான் தெரியாது. பி.டி. வாத்தியார் தூங்குமூஞ்சி என்று பெயரே வைத்துவிட்டார். அதனால் வகுப்பு டீச்சரிடம் இப்போதே விவரமாகச் சொல்லிவிடுங்கள். கீரை கொடுங்கள், நல்லதுதான். ஆனால் டாக்டரைக் கேட்காமல் வைட்டமின் ஏ மாத்திரை வேண்டவே வேண்டாம். ஸ்டார்கார்ட் என்று இன்னொரு பரம்பரை விழித்திரை நோய் உண்டு, அதற்கு அந்த மாத்திரை கெடுதல், மகனுக்கு எது என்று உறுதியாகாமல் கொடுக்க வேண்டாம். அப்புறம், ஜீன் தெரபி (மரபணுச் சிகிச்சை) என்று வாட்ஸப்பில் வீடியோ வரும். 2017இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது ஆர்பிஇ65 என்கிற ஒரே மரபணுக் கோளாறுக்குத்தான். மகனுக்கு எந்த மரபணு என்று தெரியாமல் யாரிடமும் பணத்தைக் கட்டாதீர்கள்.

அல்சூர்_தேவி:
ரொம்ப நன்றி அண்ணா, சார். இன்னொரு சிக்கல். நாத்தனாரை என் தம்பிக்குப் பேசிக்கொண்டிருக்கிறார்கள், தை மாதம் நிச்சயம். அத்தையிடம் இதை எப்படிச் சொல்வது?

கண்ணாடிக்காரன்:
கல்யாணத்தை நிறுத்து என்று ஆரம்பித்தால் வீடே இரண்டாகிவிடும். முதலில் மகனின் ரிப்போர்ட் வரட்டும். எந்த மரபணு, எந்தப் பழுது என்று தெரிந்தால் தம்பியிடமும் நாத்தனாரிடமும் அதை மட்டும் தேடினால் போதும், செலவும் குறைவு. மரபியல் ஆலோசகர் இருக்கிற கண் ஆஸ்பத்திரியாகப் பார்த்து அத்தையையும் கூட்டிக்கொண்டு போங்கள். தாத்தா பாட்டி வரை குடும்ப மரம் வரைந்து காட்டுவார்கள். மருமகள் வாயால் கேட்பதைவிட அது எடுபடும்.