நுண்ணோக்கிக் காணொளியில் துகள்களைப் பின்தொடர்ந்த அனுபவம்

நீரில் மிதக்கும் 1 மைக்ரான் பாலிஸ்டைரீன் மணிகளைக் காணொளியில் கண்டுபிடித்து, ஒவ்வொன்றும் போகும் பாதையை நிரல் மூலம் வரைய வேண்டும். இதுதான் என் வேலை. கறுப்புப் பின்னணியில் ஒளிரும் புள்ளிகள் என்பதால் கண்டுபிடிப்பதில் சிரமமே இல்லை. ஆனால் பாதைகளை இணைத்தால் ஒரே குளறுபடி. ஒரு மணி திடீரெனப் பக்கத்து மணியின் பாதைக்குத் தாவும், இன்னொன்று நடுவில் காணாமல் போகும்.

இரண்டு வாரம் கண்டறியும் பகுதியையே மாற்றி மாற்றிப் பார்த்தேன். படத்தில் பொருள்களைப் பிரித்தறியும் யூ-நெட் என்னும் நரம்பியல் வலையமைப்பு ஒன்றைக்கூடப் பயிற்றுவித்தேன். கோளாறு அங்கே இல்லை. கோப்பு பெரிதாகிறதே என்று நொடிக்கு ஒரு ஃபிரேம்தான் பதிவு செய்திருந்தேன். நீர் மூலக்கூறுகள் மோதுவதால் மணி தாறுமாறாக அலைந்துகொண்டே இருக்கும். அது எவ்வளவு விரைவாக அலைகிறது என்பதைச் சொல்லும் விரவல் குணகம், இந்த மணிக்கு அறை வெப்பநிலையில் நொடிக்குச் சுமார் 0.43 சதுர மைக்ரான். கணக்குப் போட்டால், ஒரு நொடியில் அது ஏறத்தாழ 1.3 மைக்ரான் நகர்ந்துவிடும். என் மாதிரியில் மணிகளுக்கு இடையே இருந்ததே 2, 3 மைக்ரான்தான். அடுத்த ஃபிரேமில் மிக அருகில் இருப்பதுதான் அதே மணி என்று நிரல் நம்புகிறது. அந்த நம்பிக்கை இங்கே செல்லாது. நொடிக்கு 30 ஃபிரேம் எடுத்தால் நகர்வு 0.24 மைக்ரானாகக் குறைகிறது. மாதிரியையும் நீர்த்துப்போகச் செய்து புதிதாகப் பதிவு செய்தேன். பழைய காணொளிகளைக் காப்பாற்ற வழியில்லை, அதுதான் வருத்தம்.

உங்களுக்கும் இப்படி ஏதாவது நேர்ந்திருந்தால் எழுதுங்கள்.

மறுமொழி 1

எனக்குத் தூசியால் வந்த வினை. நீந்தும் பாக்டீரியாக்களில் எத்தனை அசையாமல் நிற்கின்றன என்று எண்ணிக்கொண்டிருந்தேன். எந்த மாதிரியை வைத்தாலும் ஐந்தாறு அதே இடத்தில் நின்றன. சந்தேகம் வந்து, மாதிரி வைக்கும் மேடையைக் கொஞ்சம் நகர்த்தினேன். மாதிரி நகர்ந்தது, அந்த ஐந்தாறும் நகரவில்லை. கேமரா சென்சாரில் ஒட்டிய தூசி! எல்லா ஃபிரேம்களின் இடைநிலைப் படத்தை, அதாவது ஒவ்வொரு புள்ளியிலும் நடுவான ஒளி அளவைக் கொண்ட படத்தை, கழித்தால் தூசி போய்விடும் என்பார்கள். ஆனால் கண்ணாடியில் உண்மையாகவே ஒட்டி நிற்கும் பாக்டீரியாவும் கூடவே அழிந்துவிடும். எனக்கு வேண்டியதே அதுதானே. அதனால் மாதிரி இல்லாத வெற்றுப் புலத்தைப் படமெடுத்து, அதால் ஒவ்வொரு ஃபிரேமையும் வகுத்தேன்.

மறுமொழி 2

முதலில் எழுதியவருக்கு: பாதைகள் சரியாக இணைந்தபின் எல்லாம் ஒரே பக்கம் சாய்கின்றனவா என்று பாருங்கள். மாதிரியை மூடும் மெல்லிய கண்ணாடியான கவர்ஸ்லிப்பின் ஓரத்தில் நீர் ஆவியானால் மொத்தத் திரவமும் மெல்ல ஓடும். நான் ஓரங்களை நகப்பூச்சால் அடைத்துவிடுவேன்.

பதிவர்

பார்த்தேன், நீங்கள் சொன்னது போலவேதான் இருந்தது. நேரத்துக்கு எதிராகச் சராசரி இருபடி இடப்பெயர்ச்சியை, அதாவது மணிகள் நகர்ந்த தூரத்தின் வர்க்கத்தின் சராசரியை, வரைந்தால் நேர்கோடு வர வேண்டும், என்னுடையது மேல்நோக்கி வளைந்தது. ஓரத்தை அடைத்தேன். அப்புறம், மிச்சமிருந்த பொது நகர்வை ஒவ்வொரு ஃபிரேமிலும் கழித்தேன். இப்போது கோடு நேராக இருக்கிறது. சாய்வை நான்கால் வகுத்தால் விரவல் குணகம் கிடைக்கும்; எனக்கு 0.41 வருகிறது, எதிர்பார்த்த 0.43-க்குப் பக்கத்தில்.